ரூம் நம்பர் 214 சாக்லேட்!

‘‘பத்து பாயின்ட் எட்டு. நீ கொடுக்க முடியாதும்மா. அடுத்து யாரு?’’

அவ்வளவுதாங்க... மூணே செகண்ட்ல என் வள்ளல் கனவு காலி! எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். ரத்த தான முகாமுக்கு முதல் நாளே பேர் கொடுத்து, காலையில் ரெண்டு இட்லி எக்ஸ்ட்ராவா உள்ளே தள்ளி, க்யூவில் முதல் ஆளாகப் போய் நின்றவள் நான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு குட்டி மெஷின்... ஹீமோகுளோபின் 10.8 கிராம்னு காட்டிருச்சு. ஆணோ பெண்ணோ, ரத்தம் கொடுக்கக் குறைஞ்சது 12.5 இருக்கணும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்கிற டேபிளைத் தாண்டி வெறுங்கையோட வெளியே வந்தப்போ வந்த கடுப்பு இருக்கே... அரியர் லிஸ்ட்ல பேர் பார்த்ததைவிட மோசம்.

நான் மட்டும் இல்லை. எங்க விங்ல இருந்து போன 11 பேர்ல 6 பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயசு வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல! மெஸ்ல எதிரே உட்கார்ந்து தூங்கி வழியுற எல்லாரையும் அன்னிலேருந்து நான் சந்தேகமாத்தான் பார்க்கிறேன்.

ஹாஸ்டல்ல ஒரு விஷயம் கசிஞ்சா போதும், எல்லாரும் டாக்டர் ஆகிடுவாங்க. ‘‘பீட்ரூட் சாப்பிடு’’, ‘‘மாதுளை ஜூஸ் குடி’’, ‘‘முதல்ல நைட் ரெண்டு மணி வரை முழிக்கிறதை நிறுத்து’’... ஆனா, மெஜாரிட்டி ஓட்டு விழுந்தது பேரீச்சம்பழத்துக்குத்தான். அம்மா போன்லயே, ‘‘தினம் நாலு பேரீச்சம்பழம் சாப்பிடுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே பாப்பா, கேட்டியா நீ?’’னு பொரிஞ்சு தள்ளிட்டு, அடுத்த வாரமே விருதுநகர்லேருந்து பார்சல் அனுப்பிட்டாங்க. விதை நீக்கினது, முழுசா ஒரு கிலோ.

பிரச்னை என்னன்னா, எனக்குப் பேரீச்சம்பழம் பிடிக்காது. அந்தத் தோல் பல்லுல ஒட்டிக்கிட்டு நாள் பூரா கூடவே வரும். ஸோ, பாக்கெட் மூணு வாரம் டிராயிங் போர்டுக்குப் பின்னாடி தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்துச்சு. கண்டுபிடிச்சது என் ரூம் மேட். ஆனைமலைப் பக்கத்துப் பொண்ணு.

‘‘ஏ புள்ள, இதை இப்படியே வெச்சிருந்தா எறும்புக்குத்தான் ரத்தம் ஊறும். கோகோ போட்டு அரைச்சு உருட்டுனா சாக்லேட்டாட்டவே இருக்கும், செஞ்சு பாக்கலாமா?’’

சாக்லேட்ங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துட்டேன். ரூம் நம்பர் 214-ல் சாக்லேட் ஃபேக்டரி தொடங்கியது இப்படித்தான்!

எங்க ஹாஸ்டல்ல கெட்டில் வெச்சிருந்தா ஃபைன். இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டினா அப்பாவுக்கு போன். (அயர்ன் பாக்ஸ்ல சப்பாத்தி சுட்ட சீனியர் அக்காவின் வீரக் கதைக்குத் தனி இதழே போடலாம்!) அடுப்பு, ஓவன், கேஸ் எதையுமே தொடாமல் செய்யக்கூடிய பண்டம்னா சும்மாவா? ‘இதுல என்ன பெரிய கஷ்டம்’னு தெனாவட்டா இறங்கி, ரெண்டு தடவை மண்ணைக் கவ்வினோம்.

முதல் தடவை கவுத்தது கடைக்காரர். ‘‘கோகோ பவுடர் கொடுங்கண்ணா’’ன்னதும் அவர் எடுத்து நீட்டியது டிரிங்கிங் சாக்லேட். பால்ல கலக்கிக் குடிக்கிறது. ரூமுக்கு வந்து பின்பக்கம் படிச்சா, பொருட்கள் பட்டியல்ல முதல் பேரே சர்க்கரை! எது அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல அச்சடிக்கணும்கிறது சட்டம். பேரீச்சையே இனிப்பு, அதுக்கு மேல இதுவும்... தின்னவங்க எல்லாம் தண்ணி கூலர் முன்னாடி க்யூ கட்டினாங்க. நமக்கு வேண்டியது சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர். நாக்குல வெச்சா முகம் அஷ்டகோணலா போகணும். அதுதான் ஒரிஜினல்.

‘‘பின்னே, கோகோன்னா இனிக்கும்னு நெனச்சியா?’’னு சிரிச்சா ரூம் மேட். அவ தாத்தா தோப்புல தென்னைக்கு நடுவுல கோகோ மரம் இருக்காம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நிறைய தென்னந்தோப்புகளில் இப்படி ஊடுபயிரா கோகோ வளர்க்கிறாங்க. காயை உடைச்சா உள்ளே வெள்ளையா ஒரு சதை இருக்கும். சின்ன வயசுல அதைச் சப்பிட்டு கொட்டையைத் துப்பிடுவாளாம். சாக்லேட்டுக்கு அந்தக் கொட்டைதான் மேட்டர். சதையோட சேர்த்துக் குவிச்சு மூடி, அஞ்சாறு நாள் புளிக்க வெச்சு, வெயில்ல காய வெச்சு, அப்புறம் வறுத்தாத்தான் நமக்குத் தெரிஞ்ச சாக்லேட் வாசனையே எட்டிப் பார்க்கும். வறுத்து அரைச்சதைப் பிழிஞ்சு வெண்ணெயைப் பிரிச்ச பிறகு நிக்கிற சக்கையைப் பொடி பண்ணினதுதான் கோகோ பவுடர். அது கொஞ்சம் காஸ்ட்லிதான். மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில், விளைச்சல் படுத்ததால் 2024-ல் உலகச் சந்தையில் கோகோ விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. நல்லவேளையா, நமக்கு ஒரு ஈடுக்கு ரெண்டு டேபிள் ஸ்பூன் போதும்.

இரண்டாவது தடவை கவுத்தது என் புத்திசாலித்தனம். பழம் கொஞ்சம் காய்ஞ்சிருக்கேன்னு ராத்திரி பூரா தண்ணில ஊறப் போட்டேன். காலையில் பார்த்தா கூழ்! அதில் கடலையைக் கொட்டி உருட்டினா, கையில் ஒட்டினது பாதி, பக்கெட்ல கழுவினது பாதி. மிச்சத்தை ஸ்பூனால் வழிச்சு சாப்பிட்டு, ‘சாக்லேட் அல்வா’னு பேர் வெச்சு சமாளிச்சோம். மறுநாளே அதுல ஒரு புளிச்ச வாடை. தண்ணிதான் வில்லன்!

மூணாவது தடவை நச்சுனு வந்துச்சு. அளவைச் சொல்றேன், குறிச்சுக்குங்க. விதையில்லாத பேரீச்சை 200 கிராம்... சின்ன ரகம்னா 25, 30 பழம் வரும். விதை இல்லைன்னு பாக்கெட்ல போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணாப் பிச்சுப் பார்த்துடுங்க. எங்கேயாவது ஒரு விதை ஒளிஞ்சிருக்கும்; அது மிக்ஸி பிளேடுக்கும் கேடு, உங்க பல்லுக்கும் கேடு. வறுத்துத் தோல் நீக்கின வேர்க்கடலை 100 கிராம். பொட்டுக்கடலை 50 கிராம். கோகோ ரெண்டு டேபிள் ஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு... இதை மட்டும் மறந்துடாதீங்க, உப்பு இல்லைன்னா சாக்லேட் டேஸ்ட் படுத்துடும். மேலே உருட்ட, வறுத்த எள் ஒரு கைப்பிடி. கடலையையும் எள்ளையும் வீட்டிலேயே வறுத்துக் கொடுத்துடுறாங்க எங்க அம்மா. நீங்க கடையில் வறுத்ததாவே வாங்கிடலாம். ஆனா, வாங்கும்போது ஒரு கடலையை வாயில் போட்டுப் பாருங்க. கசப்பா, பூசண வாடையா இருந்தா தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துடுங்க. கடலையில் வர்ற பூஞ்சையின் நஞ்சு ஈரலுக்கு ஆகாது.

முதல்ல பொட்டுக்கடலையைப் பொடி பண்ணித் தனியா வைங்க. கடலையை ஒண்ணிரண்டா உடைச்சு எடுத்துடுங்க. மைய அரைச்சா எண்ணெய் விட்டுரும். அப்புறம் பேரீச்சை. இதை ஒரே மூச்சா ஓட்டினா மிக்ஸி திணறி நின்னுடும். பழத்தைப் பொடிசா நறுக்கி, விட்டு விட்டு ஓட்டுங்க. ரொம்பக் காய்ஞ்ச பழமா இருந்தா வெதுவெதுப்பான தண்ணில பத்தே நிமிஷம் போட்டு, எடுத்து, துணியில் ஒத்தி ஈரத்தை எடுத்துட்டு அரைக்கலாம். அது பந்து மாதிரி சுருண்டு வந்ததும் கோகோ, உப்பு, பொட்டுக்கடலை மாவு, கடலை எல்லாத்தையும் போட்டுக் கையால பிசையணும். உள்ளங்கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கிட்டு எலுமிச்சங்காயில் பாதி அளவுக்கு உருட்டி, எள்ளில் புரட்டினா... 20 உருண்டை ரெடி! ரொம்ப ஒட்டினா இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு, உதிர்ந்தா இன்னும் ரெண்டு பேரீச்சை. மிக்ஸியே இல்லையா? பழத்தைக் கத்தியால் கொத்தி, கனமான ஸ்டீல் டம்ளர் அடியால் இடிச்சும் செய்யலாம். கை வலிக்கும், எங்க ஃபேக்டரி மூணு மாசம் அப்படித்தான் ஓடுச்சு.

செய்யச் செய்ய எனக்கு மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர் புரிய ஆரம்பிச்சதுதான் ஹைலைட். இது சாட்சாத் காம்போசிட் மெட்டீரியல்! பேரீச்சை மேட்ரிக்ஸ், உடைச்ச கடலை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், பொட்டுக்கடலை மாவு ஃபில்லர். வெல்லப்பாகு வெச்சா கம்பிப் பதம், உருட்டுப் பதம்னு அடுப்பு முன்னாடி தவம் கிடக்கணும். பேரீச்சையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் நிறைஞ்ச அந்தப் பாகு ஏற்கெனவே உள்ளே தயாரா இருக்கு. அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், லேசுல கட்டியாகாது. அதனால்தான் அடுப்பு வேண்டாம். தண்ணி படாம செஞ்சா மூடி போட்ட டப்பாவில் நாலைஞ்சு நாள், ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம் தாங்கும். (எங்க ரூம்ல ஒரு ராத்திரிகூடத் தாங்கினதில்லை!)

மேலே சாக்லேட் கோட்டிங் கொடுத்தா என்னன்னு ஆசைப்பட்டேன். அசல் சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிடும். வாயில் வெச்சதும் கரையுதே, அந்த மேஜிக்கே அதுதான். நம்ம ஊர் மே மாசத்துக்கு அது எங்கே தாங்கும்? டப்பாவைத் திறந்தா கறுப்பு சேறு. கேக் சாமான் கடையில் கட்டி கட்டியா மலிவா விக்கிற ‘டார்க் காம்பவுண்ட்’ உருகாம நிக்கும்தான். ஏன்னா, அதுல கோகோ வெண்ணெய்க்குப் பதிலா வேறு தாவரக் கொழுப்பு. அதைப் பூசிட்டு ‘ஹெல்தி’னு சொல்லிக்கறதுக்கு எள்ளே தேவலாம்னு விட்டுட்டேன்.

ஹெல்தின்னதும்தான் ஞாபகம் வருது. இந்த வார்த்தை எங்க வீட்டுல ஒரு கலாட்டாவே பண்ணிருச்சு.

டிசம்பர் செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ, பெரிய சமையல் புலி மாதிரி ரெண்டு ஈடு செஞ்சு, டப்பா மேல ஸ்கெட்ச் பேனாவால ‘சர்க்கரை இல்லாத சாக்லேட்’னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டினேன். எங்க அப்பாவுக்கு ஷுகர். தீபாவளிக்குக்கூட ஒரு லட்டைக் கையில் எடுத்து, மோந்து பார்த்துட்டு வெச்சிடுறவர். மத்தியானம் நாங்க எல்லாரும் தூங்கி எழுந்து பார்த்தா டப்பாவில் எட்டு உருண்டை காணோம். சாயங்காலம் மனுஷன் சோர்ந்துபோய் சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறார். மெஷின்ல குத்திப் பார்த்தா 280-ஐத் தாண்டிருச்சு! அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

‘‘சர்க்கரை இல்லைன்னு நீதானம்மா எழுதியிருந்த?’’ன்னார் அப்பா, பாவமா.

பதில் சொல்ல முடியலை. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னாடியே போட்டிருக்கணும். 100 கிராம் பேரீச்சையில் 60 கிராமுக்கு மேல சர்க்கரைதான். 200 கிராம் போட்டு 20 உருண்டை பிடிச்சா, ஒண்ணுல ஆறு கிராமுக்கு மேல வருது. ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். எட்டு உருண்டைன்னா 50 கிராம்! ஒரு உருண்டைக்கு சுமார் 75 கலோரி. அதே எடை மில்க் சாக்லேட்டோட ஒப்பிட்டா சர்க்கரை கம்மிதான், நார்ச்சத்து இருக்கு, கடலையால புரோட்டீன் இருக்கு, ரெண்டு சாப்பிட்டா வயிறு ‘போதும்’னு சொல்லும். ஆனா, ‘சர்க்கரை சேர்க்கலை’ங்கிறதும் ‘சர்க்கரை இல்லை’ங்கிறதும் வேற வேற. நான் எழுதினது பொய். அப்பாவுக்கு அடுத்த நாளே அளவு இறங்கிடுச்சு. டப்பா மேல இருந்த பேப்பரைக் கிழிச்சது நான்தான். உங்க வீட்டுலயும் ஷுகர் உள்ளவங்க இருந்தா, ‘பழம்தானே’னு நீங்களா ஊட்டாதீங்க. அவங்க டாக்டர்கிட்ட கேட்டு, எண்ணிக் கொடுங்க.

சரி, என் ஹீமோகுளோபின் கதைக்கு வருவோம்.

அந்த முகாம் முடிஞ்ச கொஞ்ச நாளில் காலேஜ் ஹெல்த் சென்டர் டாக்டர் மேடம்கிட்ட போனேன். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. போட்டா வாயில் துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி ஒரு டேஸ்ட். அதுக்கும் ஐடியா கண்டுபிடிச்சேன்ல... மாத்திரை, உடனே ஒரு சாக்லேட் உருண்டை, அதுக்கு மேல ஒரு டீ! பேரீச்சை இரும்பு, மாத்திரை இரும்பு, டபுள் டோஸ்னு எனக்குள்ள ஒரே பெருமை. அடுத்த விசிட்ல மேடம்கிட்ட இதைப் பெருமையா சொல்ல, அவங்க பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க.

‘‘ஏம்மா, மாத்திரையை வேலை செய்ய விடக் கூடாதுன்னு எதுவும் வேண்டுதலா?’’

டீ, காபி மாதிரியே கோகோவிலும் இருக்கிற பாலிஃபீனால்கள், இரும்பை உடம்பு உறிஞ்ச விடாம மறிச்சுடுமாம். மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். கூட சாப்பிடணும்னா நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா... வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா உள்ளே போகும். அது சரி, பேரீச்சை? அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராமில் சுமார் 1 மில்லிகிராம்தான் இரும்பு. ரகத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்குப்படி நம்ம ஊர்ப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அம்மாவோட நாலு பேரீச்சம்பழம் அதுக்குப் பக்கத்தில்கூட வராது. இதை அம்மாகிட்ட சொன்னேன். ‘‘உங்க டாக்டருக்கு என்ன தெரியும்?’’னு போனை வெச்சுட்டாங்க.

அப்புறம் ஏன் இன்னும் செய்றேன்னு கேட்கிறீங்களா? ராத்திரி 11 மணிக்கு அசைன்மென்ட் எழுதும்போது பசிக்குதே! முன்னாடி அந்த நேரத்துக்கு ரெண்டு பாக்கெட் சிப்ஸ். இப்போ ரெண்டு உருண்டை. அதுவும் இல்லாம, சாக்லேட்டை நாமே உருட்டி, நடுவிரலில் ஒட்டினதை நக்குற சுகம் எந்தக் கடையில கிடைக்கும்?

பிப்ரவரியில் மறுபடி முகாம். இந்த தடவை என்.எஸ்.எஸ். அக்காவிடம் நானே போய், ‘‘ரத்தம் கொடுத்தவங்களுக்கு பிஸ்கட்டோட எங்க உருண்டையும் கொடுக்கலாமாக்கா?’’னு கேட்டேன். ஓகே ஆயிடுச்சு. முந்தின நாள் ராத்திரி மெஸ் மாஸ்டர் அண்ணா கையைக் காலைப் பிடிச்சு மெஸ் மிக்ஸியை வாங்கினோம். ரெண்டு கிலோ பேரீச்சை, ஒன்பது பேர், 200 உருண்டை! நடுவுல மிக்ஸி ‘கர்ர்’னு சத்தம் போட்டு செத்துப்போச்சு. எல்லாருக்கும் உயிர் போய் வந்துச்சு. அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அண்ணா அமுக்கி உயிர் கொடுத்துட்டு, ‘‘இன்ஜினீயருங்களாம் இன்ஜினீயருங்க!’’ன்னார். கடலை ஒத்துக்காதவங்களுக்குப் பொட்டுக்கடலையும் எள்ளும் மட்டும் போட்டு 40 உருண்டை தனி டப்பா. இந்தத் தடவை ஒட்டின சீட்டில் நான் எழுதினது: ‘சர்க்கரை சேர்க்கலை. ஆனாலும் இனிப்பு இனிப்புதான். ஷுகர் உள்ளவங்க கேட்டுட்டு எடுங்க!’

காலையில் நானும் க்யூவில் நின்னேன். குத்து, சொட்டு, மெஷின்... 12.1. லீவுல ஒரு மாசம் மாத்திரைக்கும் லீவு விட்டதோட பலன். ரத்தசோகை லிஸ்ட்லேருந்து வெளியே வந்துட்டேன். ரத்தம் கொடுக்கிற லிஸ்ட்டுக்குள்ள நுழைய இன்னும் பாயின்ட் நாலு பாக்கி. பேசாமப் போய் உருண்டை டேபிள்ல உட்கார்ந்துட்டேன்.

ரூம் மேட் 350 மில்லி கொடுத்துட்டு, கால் மணி நேரம் படுத்து எழுந்து, கையில் பஞ்சு ஒட்டிக்கிட்டு வந்தா.

‘‘கடலை போட்டதுல ரெண்டு எடு புள்ள. மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கற? அடுத்த முகாமுக்கு நீதான் முதல் ஆளு. நான் இங்க ஒக்காந்து உருண்டை குடுக்கறேன், போதுமா?’’

மதியம் முகாம் முடியும்போது டப்பாவில் மிச்சம் மூணு. வாட்ச்சைப் பார்த்தேன். மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் தாண்டியிருந்தது. ஒண்ணை எடுத்து வாயில் போட்டுக்கிட்டேன்.